அதிக மார்க்குக்கே ஆர்டர்

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை பத்தேகாலுக்கு எங்கள் வீட்டில் வரலாற்றுச் சிறப்புமிக்க தீர்மானம் ஒன்று நிறைவேறியது. "குழந்தைகள் இத்தோடு போதும்." முன்மொழிந்தவன் நான். வழிமொழிந்தவள் என் மனைவி கீர்த்தனா. எங்கள் ரித்தீஷ் தொட்டிலில் இருந்தபடியே கத்தி ஆதரவு தெரிவித்தான். அவனுக்கு அன்றைக்கு நாற்பத்தாறு நாள். ஐந்து வயது தேஜஸ்ரீ மட்டும் தங்கச்சிப் பாப்பா வேண்டும் என்று எதிர்த்து வாக்களித்து, டெபாசிட் இழந்தாள்.

தீர்மானம் போடுவது சுலபம். அதை நடைமுறைப்படுத்துவது யார் என்று கீர்த்தனா கேட்டபோதுதான் எனக்கு அவசரமாக ஒரு போன் பேச வேண்டியிருந்தது. மொட்டைமாடிக்குப் போய் அரை மணி நேரம் பேசினேன். எதிர்முனையில் யாரும் இல்லை.

என் பெயர் தரணீதரன். திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் மெர்ச்சண்டைசர். துணி வாங்கும் வெளிநாட்டு பையருக்கும், துணி தைக்கும் நம்மூர் மிஷினுக்கும் நடுவில் நின்று இரண்டு பக்கமும் திட்டு வாங்குகிற உத்தியோகம். கீர்த்தனா பெருமாநல்லூரில் ஒரு கம்பெனியில் பேட்டர்ன் மாஸ்டர். ஒரு சட்டையைக் கண்ணால் பார்த்தே அளவு சொல்லுவாள். தேஜஸ்ரீ பிறந்தபோது வேலையை விட்டுவிட்டு, மூன்று வருஷம் கழித்து மறுபடி அடியிலிருந்து ஆரம்பித்து ஏறி வந்தவள். இப்போது ஆறு மாசப் பிரசவ லீவு. லீவு முடிந்து போனால் சாம்பிள் செக்ஷனுக்கே அவள்தான் இன்சார்ஜ். நடுவில் மறுபடி வாந்தி, மயக்கம் என்று வந்தால் அந்த நாற்காலியில் வேறு யாராவது உட்கார்ந்துவிடுவார்கள்.

"இன்னொருக்கா முதல்ல இருந்து ஆரம்பிக்க எனக்குத் தெம்பு இல்லீங்க" என்றாள். சிரிக்காமல் சொன்னாள். அவள் சிரிக்காமல் பேசினால் என்னால் உட்கார முடியாது.

எழுந்து செருப்பைப் போட்டுக்கொண்டு, நானே ஒரு வழி பார்க்கிறேன் என்று கிளம்பினேன்.

எங்கள் தெரு மருந்துக்கடையில் வாங்கினால் தெரு முழுக்கத் தெரியும். பெருமாநல்லூர் ரோட்டில் ஐந்து கிலோமீட்டர் தள்ளி ஒரு கடை பார்த்தேன். வண்டியைத் தள்ளி நிறுத்தி, ஹெல்மெட்டைக் கழற்றாமலே உள்ளே போனேன்.

"அட, தரணி! ஹெல்மெட்டோட வந்தா தெரியாதுங்களா? நடையப் பாத்தே கண்டுபுடிச்சுட்டேன்" என்றார் கடைக்காரர். எங்களுக்கு பட்டன் சப்ளை செய்யும் அப்புசாமியின் சொந்த அண்ணன். பின்னால் நாலு பெண்கள் நின்றார்கள். ஆணுறை கேட்கத்தான் வந்திருந்தேன். பேபி பவுடர் என்றேன். பெரிய டப்பாவா, சின்ன டப்பாவா என்றார். மூன்று என்றேன்.

மூன்று டப்பாவையும் கீர்த்தனா வரிசையாக அலமாரியில் வைத்தாள். "இதை எப்படிங்க யூஸ் பண்றது?" என்று மட்டும் கேட்டாள்.

மறுநாள் பஸ் ஸ்டாண்ட் பக்கம் கூட்டமான ஒரு கடையில், யார் முகத்தையும் பார்க்காமல், கருத்தடை மாத்திரை ஒரு அட்டை வாங்கிவிட்டேன். ஆர்டரை முதல் ஷிப்மென்டிலேயே முடித்த பெருமிதத்தோடு நீட்டினேன். கீர்த்தனா மடியில் குழந்தை பால் குடித்துக்கொண்டிருந்தது. ஒரு கையாலேயே அட்டைக்குள் இருந்த காகிதத்தைப் பிரித்தாள்.

"டாக்டரைக் கேட்டீங்களா?"

"கடைக்காரரைக் கேட்டேன்."

"பால் குடுக்கறவங்களுக்குன்னு சொன்னீங்களா?"

"அதை எப்படி நாலு பேரு முன்னால சொல்றது கண்ணு?"

"இதுல ஈஸ்ட்ரோஜன் இருக்குதுங்க. பால் குறைஞ்சு போகலாம். பிரசவமான புதுசுல ரத்தக்குழாய்ல ரத்தம் உறையற ஆபத்து வேற. முதல் ஆறு வாரம் தொடவே கூடாது. பால் குடுக்கறவங்க அதுக்கப்புறமும் டாக்டரைக் கேக்காம எடுக்கக் கூடாதாம். இங்கயே எழுதியிருக்குது, பாருங்க."

"எழுத்து பொடிசா இருந்துச்சு."

"சலவை பண்ணிப் பார்ப்பீங்க, சாயம் போகுதான்னு தேச்சுப் பார்ப்பீங்க, துணி முடிச்சு விழுதான்னு லேபுக்கு அனுப்பிப் பார்ப்பீங்க. யாரோ ஊர்பேர் தெரியாத வெள்ளைக்காரன் போடப் போற பனியனுக்கு இத்தனை டெஸ்ட்டு. உங்க பையன் குடிக்கிற பாலுக்கு ஒண்ணும் இல்லீங்களா?"

எனக்குச் சுருக்கென்றது. மடியில் இருந்தவன் நான் வந்த விஷயம் தெரியாமல் கண்ணை மூடிக் குடித்துக்கொண்டிருந்தான். அட்டையைத் திருப்பிக் கொடுக்கத் தைரியம் இல்லாமல் பீரோவின் மேல் போட்டேன்.

ஆனால் மெர்ச்சண்டைசர் அவ்வளவு சீக்கிரம் தோற்கிற ஜாதி இல்லை. இரண்டு நாள் கழித்து போனில் படித்த ஒரு செய்தியோடு துள்ளிக்கொண்டு வந்தேன்.

"கீர்த்தி! நாம ஒண்ணுமே பண்ண வேண்டாம். பால் குடுக்கறதே பாதுகாப்பாம்! இயற்கையே பார்த்துக்குது!"

"எப்பன்னு படிச்சீங்களா?"

"அதான், பால் குடுக்கறப்ப."

"குழந்தைக்கு ஆறு மாசம் ஆகியிருக்கக் கூடாது. ராத்திரியும் பகலும் தாய்ப்பால் மட்டுமே குடுக்கணும். அப்புறம் எனக்கு மாசத் தீட்டு இன்னும் வந்திருக்கக் கூடாது. மூணும் சேர்ந்து இருந்தாத்தான் அது பாதுகாப்புங்க."

"மூணும் இருக்குதே!"

"போன வாரமே வந்துருச்சு."

இயற்கை என்னைக் கைவிட்டது. ஒரே வீட்டில் இருந்துகொண்டு இதுகூடத் தெரியாமல் இருந்திருக்கிறேனே என்று வெட்கமாகவும் இருந்தது. வெட்கத்தில் வாசலுக்கும் அடுப்படிக்கும் பதினோரு நடை நடந்தேன். "சித்தெ ஒரு இடத்துல உக்காருங்க, தலை சுத்துது" என்றாள் கீர்த்தனா.

அப்போதுதான் எனக்கு அந்த அபாரமான யோசனை தோன்றியது. எங்கள் கம்பெனியில் நூல் வாங்குவதென்றால் எடுத்த எடுப்பில் யாருக்கும் ஆர்டர் கொடுக்க மாட்டோம். எல்லா மில்லையும் ஒரு பட்டியலில் போட்டு, தரம், உழைப்பு, நேரம் என்று ஒவ்வொன்றுக்கும் மார்க் போடுவோம். யாருக்குக் கூட்டுத்தொகை அதிகமோ அவருக்கு ஆர்டர். சண்டை கிடையாது, சிபாரிசு கிடையாது. இதையும் ஏன் அப்படியே செய்யக் கூடாது?

இங்கே வாசகர்களிடம் ஒன்றை ஒப்புக்கொண்டுவிடுகிறேன். பட்டியல் போடும் முன்பே யாருக்கு ஆர்டர் என்று நான் முடிவு செய்துவிட்டேன். பெண்களுக்கான குடும்ப நல ஆபரேஷன். ஒரே தடவையில் முடிந்துவிடும். எனக்கு மருந்துக்கடை அலைச்சல் இல்லை, வேறு எந்த வேலையும் இல்லை. ஆஸ்பத்திரி வாசலில் ஆரஞ்சுப் பழத்தோடு நின்றால் போதும். அதற்குத் தோதாக, "ஒரே தடவையில் முடிவது" என்ற தலைப்புக்கு மட்டும் இரட்டை மார்க் என்று வைத்தேன். மெர்ச்சண்டைசர் மூளை என்றால் சும்மாவா!

அந்த வாரம் லேப்டாப்பைத் திறந்து கீர்த்தனாவை உட்கார வைத்து விளக்கினேன். ஆணுறை: பாலுக்குப் பாதிப்பு இல்லை, ஆனால் ஒவ்வொரு தடவையும் ஞாபகம் வேண்டும், கடைக்குப் போக வேண்டும், மார்க் குறைவு. ஒரே ஹார்மோன் உள்ள மினி மாத்திரை: பால் கொடுப்பவர்களுக்கு ஆகும், ஆனால் தினமும் அதே நேரத்துக்குப் போட வேண்டும். அரசு ஆஸ்பத்திரியில் கொடுக்கும் வார மாத்திரை: ஹார்மோன் இல்லை, பாலுக்கும் ஆகும், கிழமை மறக்கக் கூடாது. மூன்று மாச ஊசி: ஆறு வாரத்துக்குப் பிறகு போடலாம், மாதத் தீட்டு முன்பின் ஆகும். காப்பர்-டி: கருப்பைக்குள் வைப்பது, பாலுக்கு ஒன்றும் இல்லை, பத்து வருஷம் தாங்கும், முதல் சில மாதம் வயிற்று வலியும் உதிரப்போக்கும் கொஞ்சம் அதிகம் இருக்கலாம். கடைசியாக என் செல்லப் பிள்ளை, பெண்கள் ஆபரேஷன். அறுபதுக்கு நாற்பத்தெட்டு. முதலிடம்.

அடியில் கொட்டை எழுத்தில் போட்டிருந்தேன்: "அதிக மார்க்குக்கே ஆர்டர். மறு பரிசீலனை இல்லை."

கீர்த்தனா நிதானமாகப் பார்த்தாள். "ரொம்ப நல்லா இருக்குதுங்க. ஆஸ்பத்திரியில கூட இவ்வளவு தெளிவா சொல்லலீங்க" என்றாள். எனக்கு உச்சி குளிர்ந்தது.

"ஆனா ஒரு சப்ளையரை விட்டுட்டீங்களே."

"யாரை?"

கீழே ஒரு வரி சேர்த்தாள். 'ஆண்களுக்கான தழும்பில்லாத குடும்ப நல ஆபரேஷன்.'

"இது எதுக்கு கண்ணு, சும்மா..."

"சும்மா ஒரு கொட்டேஷன் தானுங்க. மார்க்கு போடுங்க. பாலுக்குப் பாதிப்பு?"

"இல்லை. பத்து."

"ஒரே தடவையில முடியுமா?"

என் குரல் இறங்கியது. "முடியும்."

"இரட்டை மார்க்கு. இருபது. தினம் ஞாபகம் வெச்சுக்கணுமா?"

"வேண்டாம். பத்து."

"லீவு? பொம்பளைக்கு வாரக்கணக்குன்னு போட்டிருக்கீங்க."

"இதுக்கு ரெண்டு நாள்."

"அப்ப ஒம்பது போட்டுக்கறேன். பக்க விளைவு? கொஞ்சம் வலி, வீக்கம். எட்டு. எல்லாம் சேர்ந்து..."

நான் எழுதி வைத்த பார்முலா நன்றி கெட்டது. ஐம்பத்தேழு என்று பச்சை நிறத்தில் பளிச்சென்று காட்டியது. பச்சையும் நான் வைத்ததுதான்.

"உடனே பலிக்காதுங்க. மூணு மாசம் வேற பாதுகாப்பு வேணும். அப்புறம் லேப் ரிப்போர்ட் வந்தாத்தான் அப்ரூவல். உங்களுக்குப் பழக்கமானது தானே" என்று சொல்லிவிட்டு, அழுத ரித்தீஷைத் தூக்கப் போய்விட்டாள்.

அன்றிலிருந்து எனக்கு இருப்பு கொள்ளவில்லை. நாற்காலியில் உட்கார்ந்தால் எழுந்தேன், எழுந்தால் உட்கார்ந்தேன். கால் மேல் கால் போட்டுப் பேசும் பழக்கம் தானாகவே வந்தது. ஊசி என்றால் எனக்கு சிறு வயதிலிருந்தே மயக்கம். கம்பெனியில் எங்கே திரும்பினாலும் கத்தரிக்கோல். ஒரு பக்கம் பிசிறு நூல் வெட்டுகிறார்கள், ஒரு பக்கம் லேபிள் வெட்டுகிறார்கள். கட்டிங் ஹாலில் மிஷின் நூறு துணியை ஒன்றாக அடுக்கி கர்ரென்று அறுப்பதைப் பார்த்துவிட்டு சுவரைப் பிடித்துக்கொண்டேன்.

கட்டிங் மாஸ்டர் முனீஸ் ஓடி வந்தான். விருதுநகர் பக்கத்துக்காரன். "என்னண்ணே, மூஞ்சி வெளுத்துப் போச்சு? ஒரு சோடா வாங்கியாரச் சொல்லவா?"

தனியாக அழைத்துப் போய் விஷயத்தைச் சொன்னேன். அவன் வாய்விட்டுச் சிரித்தான்.

"இதுக்கா இம்புட்டுப் பதறுதீக? நான் பண்ணி ஆறு வருசமாச்சுல்ல. கால் மணி நேரச் சோலிண்ணே. மரத்துப்போக ஒரு ஊசி, அம்புட்டுத்தான். மூணாம் நாள் இந்தா, இதே மிஷின்ல நின்னேன்."

"பயமா இல்லியா முனீஸ்?"

"இருந்துச்சுதான். எம்பொண்டாட்டி ரெண்டு புள்ளைக்கும் ராவும் பகலும் வலி தின்னா. நான் கால் மணி நேரம் மல்லாக்கப் படுத்திருக்க மாட்டேனான்னு தோணிச்சு. போயிட்டேன்."

அவன் பெருமைக்காகச் சொல்லவில்லை. சொல்லிவிட்டு வேலையைப் பார்க்கப் போனான். நான் அவனை மரியாதையோடு பார்த்தேன். அவனைப் போல ஆக வேண்டும் என்று மனதார நினைத்தேன். பிறகு அந்த ஊசியை நினைத்தேன். வேறு வழி தேட ஆரம்பித்தேன்.

அடுத்து வந்த நாட்களில் நான் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தேன், சாப்பிடவில்லை. கீர்த்தனா அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. எடுத்தால்கூட எதிர்த்துப் பேசலாம். எடுக்காதவளிடம் என்ன பேசுவது? ஒரு சனிக்கிழமை சாயங்காலம் நானே போய் எதிரில் உட்கார்ந்தேன். குழந்தைத் துணிகளை மடித்துக்கொண்டிருந்தாள்.

"கீர்த்தி, பட்டியல்ல ரெண்டாவது, மூணாவது வந்தவங்களையும் ஒரு தடவை கூப்பிட்டுப் பேசறது கம்பெனி வழக்கம்."

"அப்படிங்களா?"

"இந்த காப்பர்-டி கூட நல்ல சரக்குதான். பாலுக்கும் ஒண்ணும் இல்லை. நீ மட்டும் அதுக்கு ஒத்துக்கிட்டா, காலையில தேஜஸ்ரீயை ஸ்கூல்ல விடறது என் வேலை."

கீர்த்தனா ஒன்றும் பேசவில்லை. என்னையே பார்த்தாள்.

பையர் மீட்டிங்கில் ஒரு வித்தை உண்டு. நாம் விலை சொன்னதும் எதிரில் இருப்பவன் பேச மாட்டான், பார்த்துக்கொண்டே இருப்பான். அந்த மௌனம் தாங்காமல் நாமே விலையைக் குறைப்போம். இது எனக்கு நன்றாகத் தெரியும். புதிதாகச் சேர்கிறவர்களுக்கு நானே பாடம் எடுத்திருக்கிறேன்.

"டிபனும் நானே கட்டிடறேன்" என்றேன்.

ஒரு ஜட்டியை மடித்து வைத்தாள்.

"ரெண்டு பேருக்கும். உனக்கும் சேர்த்து."

ஒரு துண்டை மடித்தாள்.

"சாயங்காலம் ஆறு மணிக்கு மேல குழந்தை என் பொறுப்பு. சிங்க்ல இருக்கற பாத்திரமும்." அவள் அடுத்த துணியை எடுத்தாள். "ஒரு வருஷம் போகட்டும், அப்புறம் வேலைக்குப் போலாம்னு எங்கம்மா சொல்லிட்டு இருக்காங்கல்ல? ஆறு மாசம் முடிஞ்ச அன்னைக்கே நீ போற. அம்மாகிட்ட நான் பேசிக்கறேன்."

அப்போதுதான் அவள் கை நின்றது. கண் லேசாகக் கலங்கின மாதிரி இருந்தது. "நெசமாலுமா?"

"சத்தியமா."

"எனக்கு ஒரு மெயில் போட்டுருங்க. பேச்சு மறந்துரும்."

திங்கட்கிழமை ஆபீஸ் போனதும் முதல் வேலையாகப் போட்டேன். ஒன்று, இரண்டு என்று எண் போட்டு ஐந்து ஷரத்து. இரண்டு நிமிஷத்தில் பதில் வந்தது. "கன்ஃபர்ம்டு. நன்றி." ஒரு மாதத்தில் முதல் தடவையாக முழு டம்ளர் டீ குடித்தேன். போய் அம்மாவிடமும் பேசினேன். அம்மா இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. பரவாயில்லை, ஊசியை விட மௌனம் மேல்.

புதன்கிழமை கீர்த்தனாவுக்கு ஆஸ்பத்திரி. இந்த முறை நானே லீவு போட்டுக் கூடப் போனேன். அவளுக்குத் தைரியம் சொல்ல வேண்டுமே! வழி நெடுக, பயப்படாதே, வலிக்காது, நான் வெளியேதான் இருப்பேன் என்று சொல்லிக்கொண்டே வண்டி ஓட்டினேன். குழந்தையை அணைத்தபடி பின்னால் உட்கார்ந்திருந்தவள் "சரிங்க, சரிங்க" என்றாள்.

நர்ஸ் அபிராமி சிஸ்டர் எங்களைப் பார்த்ததும் எழுந்தார். "வாங்க கீர்த்தனா. காப்பர்-டி போட்டுச் சரியா ஒரு மாசமாச்சுல்ல? நூல் சரியா இருக்கான்னு பாத்துருவோம். வயித்து வலி, உதிரப்போக்கு எதாச்சும் இருக்கா?"

"கொஞ்சம் இருந்துச்சுங்க சிஸ்டர். இப்ப இல்லீங்க."

நான் நின்ற இடத்திலேயே நின்றேன். கையில் ஆரஞ்சுப் பழம்.

பரிசோதனை பத்து நிமிஷத்தில் முடிந்தது. எல்லாம் சரியாக இருக்கிறதாம். வெளியே வேப்ப மரத்தடியில் வண்டியருகே வந்ததும் கேட்டேன்.

"ஒரு மாசமா? ஒரு மாசமாவா?"

"தீர்மானம் போட்டோமே, அதுக்கு முந்தின புதன்கிழமைங்க. நாப்பத்திரண்டாம் நாள் செக்கப்பு. கூட வாங்கன்னு மூணு தடவை கூப்பிட்டேன். டையிங் யூனிட்ல இருக்கேன், கலர் சரியா வரலைன்னீங்க. டாக்டரம்மா ஒவ்வொண்ணா விளக்கிச் சொன்னாங்க. எனக்கு எது ஒத்துக்கும்னு நானே கேட்டு, நானே யோசிச்சு, நானே போட்டுக்கிட்டேன். குழந்தைய ஒரு கையில புடிச்சுக்கிட்டு ஆட்டோல வந்தேன்."

எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை. அந்த புதன்கிழமை நான் பார்த்த கலர் கடைசிவரை சரியாக வரவும் இல்லை.

"தப்புதான் கண்ணு" என்றேன். உண்மையாகவே சொன்னேன். "ஆனா வந்ததும் சொல்லியிருக்கலாம்ல?"

"சொல்லலாம்னுதான் இருந்தேன். நடைமுறைப்படுத்தறது யாருன்னு கேட்டதும் மாடிக்குப் போய் போன் பேசுனீங்க. அப்புறம் மூணு டப்பா பவுடரோட வந்தீங்க. அடுத்து மாத்திரை. அப்புறம் இயற்கை. ஒரு மாசமா நீங்களும் இதைப் பத்தியே நினைச்சுக்கிட்டு இருந்தீங்கல்ல? எனக்கு அதைப் பார்க்க நல்லா இருந்துச்சுங்க."

சரி, போகட்டும். ஆனால் என்னுள் இருந்த மெர்ச்சண்டைசர் மெல்லத் தலை தூக்கினான். சரக்கு ஏற்கெனவே டெலிவரி ஆகிவிட்டது. அப்படியானால் நான் கொடுத்த வாக்குறுதிகள்?

"அப்ப அந்த மெயில் செல்லாது. ஒத்துக்கிட்டாத்தான்னு சொன்னேன். நீ முன்னாலயே போட்டுக்கிட்ட. அஞ்சு ஷரத்தும் கேன்சல்."

"கேன்சல் பண்ணிக்கோங்க" என்றாள், குழந்தையின் தொப்பியைச் சரி செய்தபடி. "எங்க எச்.ஆருக்கு மட்டும் ஒரு வார்த்தை சொல்லிருங்க. உங்க மெயிலை அன்னைக்கே அவங்களுக்கு அனுப்பி, ஊட்ல ஏற்பாடு ஆயிருச்சு, சொன்ன தேதிக்கு வந்துடறேன்னு எழுதிட்டேன். எம்.டி. படிச்சுட்டு, இப்படி ஒரு வீட்டுக்காரரான்னு நோட்டீஸ் போர்டுல ஒட்டச் சொல்லிட்டாராம். உங்க முதலாளியும் அவரும் ஒரே கிளப்பு தானுங்களே?"

துவாரத்தில் நுழைத்த வண்டிச் சாவியை மறுபடி வெளியே எடுத்தேன்.

"ஒண்ணே ஒண்ணு கேக்கறேன் கீர்த்தி. நான் அன்னைக்கு எதுக்குமே ஒத்துக்கலைன்னா, என்னை நெசமாலுமே ஆபரேஷனுக்குக் கூட்டிட்டுப் போயிருப்பியா?"

அவள் என்னை ஆச்சரியமாகப் பார்த்தாள்.

"நான் எதுக்குங்க கூட்டிட்டுப் போறேன்? பட்டியல்ல ஒரு வரி சேர்த்தேன், அவ்வளவுதான். ஸ்கூல், டிபன், பாத்திரம், அத்தை எல்லாத்தையும் நீங்களா ஒண்ணொண்ணா எடுத்து நீட்டுனீங்க. நான் துணி மடிச்சுக்கிட்டு இருந்தேன்."

யோசித்துப் பார்த்தேன். பன்னிரண்டு வருஷ சர்வீசில் எந்த வெளிநாட்டு பையரும் என்னை இவ்வளவு மலிவாக முடித்ததில்லை.